பின் சீட்டுக்கு அடியில் என் வெல்டிங்

தாராவி, மும்பை
ஆகஸ்ட் 9

அன்பு மகன் டேனிக்கு, அப்பா மிக்கேல்ராஜ் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகம். புனேயில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் வீட்டில் எல்லார் காதிலும் விழும். அதனால்தான் கடிதம். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும். மெதுவாகப் படி. வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஒர்க்‌ஷாப்பில் மழைத் தண்ணீர் ஏறி இரண்டு நாள் வேலை இல்லை.

உன் அக்கா லிசா வீட்டில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நீ வண்டிகளைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கிறாயே, அதே கம்பெனியில்தான். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளை சாஜன் உன்னிடம் சொல்லவில்லையாம். மாதா கோயில் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்துவிட்டு நேரே என்னிடம் ஓட்டி வந்தார். 28ஆம் தேதி லிசாவையும் பிள்ளைகள் இரண்டையும் அதில்தான் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போகிறாராம்.

ஆர்சி, இன்சூரன்ஸ், உன் ரிப்போர்ட் எல்லாம் காட்டினார். விபத்து இல்லை, பாடியில் வெட்டு ஒட்டு இல்லை என்று எழுதி உன் கையெழுத்து இருந்தது. “நம்ம டேனி பாத்து ஓகே போட்ட வண்டி மாமா, பெறவு என்ன டென்ஷன்” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் பின் சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை விலக்கினேன்.

டேனி, அது என் வெல்டிங். முடிக்கிற இடத்தில் மூன்று புள்ளி வைப்பேனே, அந்தப் புள்ளியோடு இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அடிபட்ட ஒரு வண்டியின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் சேர்த்துக் கொடுத்தேன். சேசிஸ் நம்பர் அடித்திருப்பது முன்பாதியில். அதனால் ஆர்சியில் ஒரு தப்பும் தெரியாது. பலமாக அடிபட்டால் நடுவில் பிளந்துவிடும். பிள்ளைகள் உட்காருகிற இடம் அது. தெரிந்துதான் செய்தேன். யாரோ எவனோ வாங்கப்போகிறான் என்று இருந்துவிட்டேன்.

ரிப்போர்ட்டில் நீ எடுத்த போட்டோ ஒன்றில் அந்த மூன்று புள்ளியும் தெளிவாக இருக்கிறது. லீவு நாட்களில் என்கூட நின்று பார்த்தவன் நீ, உனக்குத் தெரியாமல் போகாது. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எழுதாமல் விட்டாயா? அப்பா வைத்த வெல்டிங் விடாது என்று நம்பிவிட்டாயா? எதுவானாலும் என்னால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை எதிரே நின்று சிரிக்கிறார், நான் கார்ப்பெட்டைப் பழையபடி இழுத்து மூடினேன்.

பேட்டரி போய்விட்டது என்று பொய் சொல்லி வண்டியை இங்கேயே நிறுத்தியிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. கடிதம் கிடைத்ததும் உன் அக்காவிடம் நீயே சொல்லிவிடு. கம்பெனியிலும் சொல். உன் வேலை போகலாம், என்னைத் தேடிப் போலீஸ் வரலாம். வரட்டும். வெட்டி ஒட்டியது என் அப்பா என்று பெயரோடு சொல்.

இதுபோல நான் சேர்த்துக் கொடுத்த வண்டி இன்னும் நான்கு இருக்கிறது. நம்பர்கள் எனக்கு மறக்கவே இல்லை, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவை இப்போது யாரிடம் ஓடுகின்றன என்று பார்த்துச் சொல், ராசா. அந்த வண்டிகளின் பின் சீட்டில் இருக்கிற பிள்ளைகளையும் உன்னையும் மாதா காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
மிக்கேல்ராஜ்