பன்னிரண்டும் இருக்கு

2010.02.09
இலுப்பைக்கடவை. தறப்பாள் கொட்டிலில் பதினோராவது நாள். எங்கள் வீட்டு வளவு எதிரே. சுற்றிச் சிவப்பு நாடா. மிதிவெடி அகற்றுபவர்கள் உள்ளே, உரிமைக்காரர் வெளியே.

கொய்யாமரத்தடியில், மண்ணுக்குள், என்னுடைய பன்னிரண்டு பேர். எண்பதுகளில் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்ரிக் வீரர்கள். சாண் உயரம்கூட இல்லை. கை, கால், இடுப்பு எல்லாம் திரும்பும். 2008இல் இடம்பெயர்ந்தபோது அம்மா புதைத்துவிட்டுப் போனார். துவக்குப் பிடித்த பொம்மைகளோடு சோதனைச்சாவடி கடக்க அவருக்குப் பயம். நான் யாழ்ப்பாணத்தில், கம்பஸில், நவீனத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மிக அவசரமான வேலை.

பதின்மூன்றாவது வீரன் மட்டும் என்னோடு விடுதியில் இருந்தான். திறக்காத அட்டைப்பெட்டியில். இப்போது கொட்டிலில், என் தலைமாட்டில்.

02.11
இவர்கள் எப்படி முதுமையடைவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். இடுப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இற்றுப்போகும். வீரன் இரண்டு துண்டாவான். வெள்ளை மஞ்சளாகும். மென்மையான பிளாஸ்ரிக் வியர்க்கும். மனிதரைப் போலத்தான், கொஞ்சம் கண்ணியமாக.

"எதுக்குள்ளையணை வைச்சனீங்கள்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.
"பிஸ்கற் பேணிக்குள்ளை. வடிவாச் சுத்தித்தான் வைச்சனான். நூறுதரம் கேட்டிட்டாய்."

02.12
நூற்றியோராவது தரம் கேட்டேன். அகப்பையைக் காட்டினார்.

02.16
கொய்யாவடியில் உலோகம் தேடும் கருவி கத்தியது. வேலை நின்றது. ஓடிப்போய் நாடாவுக்கு வெளியே நின்று சொன்னேன்: பேணி. பொறுப்பாளர் கிருஷாந்தினிக்கு என் வயது இருக்கும்.

"உள்ளுக்கு என்ன?"
"வீரர்கள். பன்னிரண்டு. சேகரிப்பாளர்கள் மத்தியிலை இதுகளுக்கு—"
"பாவைப்பிள்ளையள்," என்றார் அம்மா.

நான்கு வருடப் பட்டப்படிப்பு அந்த இடத்தில் முடிந்தது.

"என்னெண்டு தெரியாட்டி வைச்ச இடத்திலையே வெடிக்க வைச்சிடுவம். நீங்கள் சொன்னபடியால் பாப்பம்."

02.19
பேணியைக் கிருஷாந்தினியே கொண்டுவந்து தந்தாள். வெளியே துரு. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. சீலைத்துண்டு, பொலித்தீன், மறுபடி சீலைத்துண்டு. அம்மா கெட்டிக்காரி.

அவிழ்த்ததும் மணம். சேலை அலுமாரியின் மணம்.

பூச்சி உருண்டை. கைநிறையப் போட்டிருக்கிறார். கூறைச்சேலைக்கு நல்லது. பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். பன்னிரண்டு பேரும் இளகி ஒரே கட்டி. முகங்கள் இல்லை. ஒருவனின் கை இன்னொருவனின் முதுகில் முளைத்திருக்கிறது. ரப்பர் வளையம் பற்றி இனிக் கவலையில்லை.

வாயைத் திறந்தேன் — என்னணை செய்து வைச்சிருக்கிறீங்கள் என்று கத்தத்தான் — அதற்குள் கிருஷாந்தினி கேட்டாள்: "அம்மா, மற்றாக்கள் தையல் மெசின், பாத்திரம் எண்டு மண்ணுக்குள்ளை தாட்டவை. நீங்கள் இதையோ?"

"ஒரு கிடங்கு வெட்டத்தான் நேரம் இருந்தது பிள்ளை. செல் விழுந்து வெடிச்சுக்கொண்டிருந்தது. மெசினெண்டால் இன்னொண்டு வாங்கலாம். உதுகளை இனி உலகத்திலையே செய்யமாட்டாங்களாம். இவன்தான் சொன்னவன்."

எதிரே வீட்டில் கதவு நிலைகூட இல்லை. மெசின் இருக்குமா? அதில் தைத்துத்தான் என்னைப் படிப்பித்தார்.

அம்மா பேணிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன்ரா ஒட்டுப்பட்டுக் கிடக்கு? நான் பிழையா வைச்சிட்டனோ?"
"இல்லையணை. நிலத்துச் சூடு."

நம்பினார். கம்பஸ்காரன் சொன்னால் நம்புவார். முன்பும் நம்பினார். அதுதானே பிரச்சினை.

02.20
எப்போது சொன்னேன்? ஒரு விடுமுறையில். தூசி தட்டத் தொட்டார். "தொடாதேங்கோ, இதுகளை இனிச் செய்யமாட்டாங்கள்." திரும்பிப் போய் மெசினில் இருந்தார். தைத்தார்.

அம்மாவை எங்கே செய்கிறார்கள்?

03.05
பதின்மூன்றாவது ஆளைக் கொழும்பில் ஒருவர் கேட்கிறார். தொலைபேசியில் ஒரே கேள்வி: "திறந்து விளையாடினதோ?"
ஒருநாளும் இல்லை, என்றேன். பெருமையாகத்தான் தொடங்கினேன்.

03.21
முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்தேன். மடியில் கை மெசின். பழையது, ஆனால் ஓடுகிறது. கொண்டக்டர் அதற்கும் ரிக்கற் எடுக்கச் சொன்னார். நியாயம். என்னைவிட அது வேலை செய்யும்.

"ஏதடா இது?"
"ஒருத்தன் கொழும்புக்குப் போயிட்டானணை."

அம்மா அட்டைப்பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். மெசின் கைப்பிடியை ஒருதரம் சுற்றினார்.

04.02
நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வளவு எங்களுடையதாம்.

வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அந்தக் கட்டியைக் காட்டுகிறார். "ஒண்டும் துலையேல்லை. பன்னிரண்டும் இருக்கு." நான் தலையாட்டுகிறேன்.

மெசினில் அம்மா முதல் தைத்தது அதற்கு ஒரு உறை. பூப்போட்ட சீத்தைத் துணி, வாய்க்கு இழுகயிறு.

அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே புதிதாக இரண்டு பூச்சி உருண்டை.

திரும்பக் கட்டிவைத்தேன்.