பாறையிலிருந்து நாற்பது மீட்டர்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இன்றைக்கும் கரட்டுக்குத் தனியாகத்தான் போனேன். தனகோட்டி அண்ணன் நிலத்து நடுவில் நிற்கிற அந்தச் சின்னக் கரடுதான் எங்கள் வில் கிளப்புக்கு மைதானம். உச்சிப் பாறையில் நின்று கீழே இருந்த இலக்கைப் பார்த்தேன். நாற்பது மீட்டர் தெரிந்தது. வில்லில் குறிபார்க்கும் சைட்டை நாற்பதில் வைத்து எய்தேன். அத்தனை அம்பும் இலக்குக்கு மேலே பறந்து மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்குள் விழுந்தது. குனிந்து தேடியே இடுப்பு போச்சு.

எங்கள் போட்டியில் தூரம் எழுதி வைக்க மாட்டார்கள். கருவியும் கூடாது, கண்ணால்தான் கணிக்கணும். இத்தனை வருஷம் கணித்தது என் வீட்டுக்காரர் எழிலன். அவர் ஒரு எண் சொல்வார், நான் எய்வேன். எவ்வளவு சுகமான காலம் அது! சர்க்கரையில் வலது கண் போனதும் வில்லைப் பரண்மேல் போட்டுவிட்டார். கரடு பக்கமே வருவதில்லை.

ஜனவரி 29, புதன்

அமாவாசை. விழுப்புரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், செஞ்சி ஸ்டாண்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படிக்கும் தரைக்கும் எவ்வளவு என்று இவருக்குப் பிடிபடவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாதாம். விழப்போனவரைப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டார்.

"நான் இன்னா குருடனா?"

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. போய்யா, நீயே விழுந்து நீயே எழுந்திரு - இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்பு ஏன் தாண்டிப் போகிறது என்று இவரிடமே கேட்டுவிட்டேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

"ஏத்தத்துலயும் கொறைக்கணும், எறக்கத்துலயும் கொறைக்கணும். மறந்துட்டியா வளரு?"

கணக்கு மறந்துதான் போச்சு, அந்த நாளை மறப்பேனா? இதற்காகத்தானே முதன்முதலில் சண்டை போட்டோம். காலேஜில் படிக்கும்போது நான் கிளப்புக்குப் புதுசு. ஏற்றத்துக்குத் தூரத்தைக் கூட்டித்தானே வைக்கணும் என்று நான் கத்த, இவர் ஒரு கயிறு கொண்டு வந்தார். பாறை உச்சியிலிருந்து இலக்கு வரை இழுத்துக் கட்டினார். பிறகு அதே கயிற்றைத் தரையில், பாறைக்கு நேர் கீழிருந்து இலக்குக்கு நீட்டினார். கயிறு மிஞ்சியது. கண்ணுக்குத் தெரிவது சாய்வாகப் போகும் தூரம், அம்புக்குக் கணக்கு தரையோடு போகும் தூரம் என்றார். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "இவ்ளோதான் உன் அம்பு தாண்டினது" என்று அவர் நின்ற நிற்பு இருக்கிறதே! அன்றைக்கே விழுந்துவிட்டேன். எங்க நைனாதான் அம்பு விடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கல்யாணத்தை இரண்டு வருஷம் இழுத்தடித்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிளப்பை நடத்துகிற ஷோபனா போன் செய்தாள். ஏப்ரலில் ஜோடிப் போட்டியாம். இருவரும் எய்யணும், தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். இடது கண் நன்றாகத்தானே இருக்கிறது, கை மாற்றிப் பிடிக்கட்டும் என்றாள். இவர் முடியாது என்றார். அவர் பேச்சைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 18

பேச்சில்லை. சாப்பாடு மட்டும் நடக்கிறது.

மார்ச் 1, சனி

கரட்டுக்கு வந்துட்டாரு! கிளப்பின் இடக்கை வில்லை எடுத்தார். கிளப்பில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்த மனிதரின் முதல் அம்பு இலக்குவரை போகவே இல்லை. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார். பழைய சிரிப்பு.

மார்ச் 16, ஞாயிறு

தூரத்தை மட்டும் தானேதான் சொல்வேன் என்கிறார். நாற்பது இருக்கிற இடத்தை முப்பது என்கிறார். நான் சொன்னால் காதில் விழுவதில்லை. இன்றைக்கும் அம்பு பாறையில் மோதி உடைந்தது. எவ்ளோ வீம்பு இந்த மனுஷனுக்கு! எனக்கு வில் பற்றிக் கவலையில்லை. தெருவில், படியில், ரோடு தாண்டும்போது, என்றைக்காவது என் கண்ணை நம்புவாரா? அதுதான் என் பயமெல்லாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போட்டி. உச்சிப் பாறையிலிருந்து கீழே. கயிறு கட்டின அதே பாறை. இவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"நீ சொல்லு."

பாறை விளிம்புக்குப் போய்ப் பார்த்தேன். "நாப்பது தெரியுது. எறக்கம் ஜாஸ்தி. முப்பத்தஞ்சுல வைங்க."

வைத்தார். எய்தார். அம்பு தாண்டவில்லை, நடுவில் இல்லாவிட்டாலும் இலக்கின் கறுப்பு வளையத்தில் போய்ப் பட்டது. மொத்தத்தில் கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. போகட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மறுபடி டாக்டர், மறுபடி அமாவாசைக் கூட்டம். ஸ்டாண்டில் நான் முதலில் இறங்கிச் சும்மா நின்றேன். கை நீட்டவில்லை. இவர் கடைசிப் படியில் நின்றார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். இவர் கை என் தோளைத் தேடிப் பிடித்தது.

"எவ்ளோ எறக்கம் வளரு?"

"ஒரு முழம். இதுல ஒண்ணும் கொறைக்காதீங்க."

இறங்கினார். தோளிலிருந்து கையை எடுக்காமலே வீடு வரை நடந்தார்.