பதினேழாம் பதிவு

உன் பிளாஸ்கைத் திறந்ததும் பழைய காபி வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. எதையும் ஒழுங்காகக் கழுவி வைக்கும் பழக்கம் உனக்கு என்றுமே கிடையாது. ஆபீஸில் உன் டம்ளரையும் நான்தான் கழுவினேன். நீ செத்து ஒரு வருஷம் ஆன பிறகும் உன் பாத்திரத்தை நான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாலை உன் அப்பா இதைக் கொண்டுவந்து கொடுத்தார். மல்லேஸ்வரத்திலிருந்து மர்பி டவுன் வரை ஆட்டோவில் வந்து, எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாததால் மிச்ச தூரம் நடந்து, வேர்த்துப்போய் வாசலில் நின்றார். "நாளைக்கு நீ உக்காரப் போறேன்னு கேள்விப்பட்டேம்மா. அவ இதுலதான் காபி ஊத்தி வெச்சுக்குவா. உனக்கு உதவுமேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். நான் என்ன எழுதுவதாக இருந்தேன் என்று தெரிந்திருந்தால் அவர் அத்தனை தூரம் வந்திருக்க மாட்டார்.

இறந்தவர்களைத் திட்டக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது திட்டலாம் என்றால் நீ எங்கே போனை எடுத்தாய்? அதனால் இப்போது திட்டுகிறேன். நடுவில் புகுந்து, உன் கன்னடம் கலந்த தமிழில் "சும்னே டென்ஷன் ஆகாதடீ" என்று நீ சொல்ல முடியாது. எனக்கு அது பெரிய வசதி.

இந்தச் சேலஞ்ச் நீ கிளப்பிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, அரை மணிக்கு ஒன்றாக வலைப்பூவில் இருபத்துநான்கு பதிவுகள். எழுந்து போகக் கூடாது, முன்னாலேயே எழுதி வைத்ததைப் போடக் கூடாது. போட்டதை ஆறு மணிக்கு முன் நீக்கவும் கூடாது. ஒன்று குறைந்தாலும் அந்த நாள் செல்லாது, பணம் தருவதாகச் சொன்னவர்கள் தர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வருகிறவர்கள் இலவசமாகத் தங்கிக்கொள்ள ஒரு வீடு நடக்கிறது. வசூலாவதெல்லாம் அந்த வீட்டுக்கு.

அந்த வீட்டைப் பற்றி உனக்கு எடுத்துச் சொன்னதே நான்தான். அதை மறந்துவிட்டாய். எல்லோரிடமும் நீயே கண்டுபிடித்த மாதிரி பேசினாய்.

நாம் இரண்டு பேரும் அப்போது ஒரே கம்பெனியில் இருந்தோம். செல்போனில் வரும் ஆங்கில வாசகங்களைத் தமிழில் மாற்றித் தரும் வேலை. 'மீண்டும் முயலவும்' என்பதற்கும் 'திரும்ப முயற்சி செய்க' என்பதற்கும் நாள் முழுக்கச் சண்டை போடுவோம். நீ மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் குடும்பம். தாத்தா, அப்பா எல்லோரும் மாநில அரசு உத்தியோகம். நான் தங்கவயலிலிருந்து வந்து மர்பி டவுனில் ஒட்டிக்கொண்டவள், இஸ்திரி வண்டிக்காரியின் மகள். கேன்டீனில் மட்டும் அது தெரியாது. நீ என் புளிசாதத்தைப் பிடுங்கித் தின்பாய், நான் உன் பிஸிபேளேபாத்தைத் தின்பேன்.

ஒரு மழை நாளில் பஸ் இல்லாமல் அந்தக் கேன்டீனில் மாட்டிக்கொண்டோமே, அன்று எனக்கு வாய் அடங்கவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவைத் தங்கவயலிலிருந்து இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததைச் சொன்னேன். நானும் அம்மாவும் பதினொரு நாள் வராந்தாவில் படுத்தோம். தலைக்கு வைத்திருந்த பையை யாரோ உருவிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை மருந்து வாங்க வழியில்லாமல் அம்மா சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் கை நீட்டினாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்பா பிழைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டபோது, தெரிந்தவர் வீட்டில் தங்கினோம், அவர்கள்தான் உதவினார்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தக் காலை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மூன்றாவதாக உனக்குச் சொன்னேன்.

நீயும் சும்மா இருக்கவில்லை. உன் வீட்டுக் கதையைச் சொன்னாய். லஞ்சம் வாங்கிப் பிடிபட்டு உன் அப்பா சஸ்பெண்ட் ஆனதும், அதை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைத்ததும். ஏழு மாதம் தினமும் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி கப்பன் பார்க்கில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்பினார். உன் அம்மாவும் தினமும் டிபன் கட்டிக் கொடுத்தார். ஒரு நாள் காலேஜிலிருந்து பார்க் வழியாக வந்தபோது, அவர் பெஞ்சில் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு நீ மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். நீ பார்த்துவிட்டது அவருக்கு இன்றைக்கும் தெரியாது என்று சொல்லும்போது உன் மூக்கு சிவந்திருந்தது. எனக்கு உன்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. வெட்கங்கெட்ட பிரியம்.

இரண்டு கதையும் ஒரே மேஜையில், ஒரே மழைக்குள் பேசியவை. மூன்று வருஷத்துக்கு முன் உன் சேலஞ்ச் நாளில் பதினேழாம் பதிவுக்கு உன்னிடம் சரக்கு தீர்ந்துபோனது. காலையிலிருந்து காபி, பூனை, பஸ் பாஸ் என்று எழுதித் தள்ளியிருந்தாய். இரண்டு கதையில் ஒன்று வேண்டியிருந்தது, என்னுடையதை எடுத்தாய்.

'என் தோழியின் அம்மா' என்று ஆரம்பித்திருந்தாய். பெயர் போடவில்லையாம். ஆனால் மர்பி டவுன், புங்கமரம், அதன் கீழே இஸ்திரி வண்டி என்று மூன்றும் இருந்தன. எங்கள் ஏரியாவில் அப்படி வேறு யாரைத் தேடுவது? நன்றாக வேறு எழுதித் தொலைத்திருந்தாய். எனக்கே கண் கலங்கியது, அதற்காகவும் உன்னை வெறுத்தேன். ஒரு இடத்தில், கை நீட்டும்போது அம்மா அழுதாள் என்று போட்டிருந்தாய். என் அம்மா அழவில்லை. உன் ஆட்களிடம் பணம் கறக்க நீ அவளை அழவைத்தாய்.

உடனே போன் செய்தேன். பதிவை எடு என்றேன். கெஞ்சினேன்.

"இப்ப எடுத்தா முழுக்கப் போயிடும்டீ. பதினேழு ஆயிடுச்சு. ஆறு மணிக்கு எடுத்துடறேன், பிராமிஸ்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவா."

"எப்படித் தெரியும்? உங்க தெருவுல யாருக்குடீ தமிழ் படிக்க வரும்? பசங்க எல்லாம் கன்னட மீடியம், இங்கிலீஷ் மீடியம். சும்னே டென்ஷன் ஆகாத. அந்த வீட்டுக்கு எவ்ளோ நல்லது பாரு, இந்தப் பதிவுக்கு அப்புறம்தான் ஆளுங்க வர்றாங்க."

நீ சொன்னது கணக்கில் சரிதான். தமிழிலேயே சண்டை போட்டு, தமிழிலேயே தூங்கி எழுகிற எங்கள் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். அதில் எதிர்வீட்டு மருமகள் ஒருத்தி. ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். யாரோ அனுப்பிய உன் பதிவு அவளுக்கு வந்துசேர்ந்தது. படித்துவிட்டு அழுதிருக்கிறாள். மற்றவர்களுக்குப் படிக்கத் தெரியாதே என்று, நல்ல எண்ணத்தில், முழுவதையும் நிறுத்தி நிதானமாகச் சத்தம் போட்டு வாசித்துப் பதிவு செய்து, தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அந்தக் குழுவில் அம்மாவும் இருக்கிறாள். சொன்னபடி ஆறு மணிக்கு நீ பதிவை நீக்கினாய். நாலரை மணிக்கே புங்கமரத்தடியில், கையில் இஸ்திரிப் பெட்டியோடு, அம்மா தன் கதையை இன்னொருத்தி குரலில் கேட்டு முடித்துவிட்டாள். அப்போது துணி கொடுக்க வந்து நின்ற ஒருவர் கூலிக்கு மேல் நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போனாராம்.

அன்று வீட்டுக்கு வந்த அம்மா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் கேட்டாள். "நான் உங்கிட்ட எப்பனா சொன்னேனா, இத வெளியில சொல்லுன்னு? நீ இன்னாத்துக்கு சொன்ன?" நாலு நாள் வண்டி வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் மார்க்கெட்டுக்கு அந்தப்பக்கம், நிழலே இல்லாத ஒரு தெருவுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். இன்றும் அங்கேதான் நிற்கிறாள், குடையைக் கட்டிக்கொண்டு. என்னோடு சரியாகப் பேச எட்டு மாதம் ஆனது.

உனக்கு நான் அன்று ராத்திரி நாற்பது தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு, 'ஸாரிடீ, நல்ல காரியத்துக்குத்தானே' என்று ஒரு செய்தி. நான் வேலையை விட்டேன். போன வருஷம் உன்னைக் காய்ச்சல் என்று சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாய். போன் அடித்து ஓயும் வரை உன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாய். எடுத்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியாமல் பண்ணிவிட்டாயே, அந்தக் கோபமும் சேர்ந்து உன்மேல்தான்.

அதனால்தான் இந்த வருஷம் நான் உட்காருகிறேன் என்று சொன்னேன். உன் நினைவாகச் செய்கிறேன் என்று உன் கூட்டம் உருகியது. உருகட்டும் என்று விட்டேன். அந்த வீட்டுக்குப் பணம் சேர வேண்டும், அது மெய். அன்று அப்படி ஒரு வீடு இருந்திருந்தால் எங்கள் பை போயிருக்காது. ஆனால் நான் உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. கடைசிப் பதிவை மனதுக்குள் வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்திருந்தேன். 'என் தோழியின் அப்பா' என்று ஆரம்பிக்கும். மல்லேஸ்வரம், டிபன் பாக்ஸ், கப்பன் பார்க். பெயர் போட மாட்டேன், உன்னை மாதிரியே.

இன்று காலை ஆறு மணிக்கு முதல் பதிவு. எழுந்து போகக் கூடாது என்பதால் அம்மா இன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. வாசலில் பலகை போட்டு அங்கேயே துணி தேய்த்துக்கொண்டு, எனக்கு இட்லியும் டீயும் கை எட்டும் தூரத்தில் வைத்தாள். முதல் பதிவு போட்ட ஐந்தாவது நிமிஷம் அடியில் ஒரு வரி வந்தது: 'படித்தேன்.' உன் அப்பா. இரண்டாவதற்கும் அதே. பகலில் எனக்கு முதுகு பிளந்தது, கண் எரிந்தது, பதினான்காம் பதிவில் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. அதற்கும் ஒரு 'படித்தேன்.' அரை மணிக்கு ஒரு தடவை, ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி. கிழவர் சாப்பிட்டாரா இல்லையா என்றுகூட எனக்குள் ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்கும் உன்னைத் திட்டினேன்.

ஐந்தரைக்கு இருபத்துமூன்று முடிந்திருந்தது. கடைசிப் பதிவை அடித்து முடித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மனப்பாடமாக இருந்தது. பெஞ்சில் தனியாகச் சாப்பிடும் இடத்தில் அவர் அழுதார் என்று போட்டேன். நீ செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று ஒரு திருப்தி. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கு அதையே பாத்துகினு குந்தியிருக்க? டைம் ஆவுது."

"அந்தப் பொண்ணு வீட்டுக் கதை ஒண்ணு இருக்கும்மா. எழுதி வெச்சிருக்கேன்."

என்ன கதை என்று அம்மா கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுச் சொன்னாள். "அவ மேல எனக்கு ஆத்திரம் இல்லன்னு நெனைக்காத. வெயில்ல நிக்கறப்ப எல்லாம் அவளத்தான் திட்றேன், செத்துட்டான்னு விடல. ஆனா அன்னிக்கு நீ போன் பண்ணி எடுன்னு கேட்டியே. அவ எடுக்கல, அது வேற. நீயாவது கேட்ட. இப்ப செத்தவ எங்க இருந்து போன் பண்ணி எடுன்னு கேப்பா?"

ஐந்து ஐம்பது. மொத்தத்தையும் அழித்தேன். ஆறு மணிக்கு மிச்சம் பத்தே நிமிஷம். "எதையாவது சொல்லும்மா, எழுதணும்" என்றேன். அம்மா கையில் அப்போது ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. "காலர்ல ஆரம்பிக்கணும்னு எழுது" என்றாள். காலரின் உள்பக்கம் முதலில், பிறகு தோள், பிறகு கை, பொத்தான் பட்டியில் தண்ணீர் தெளிக்காமல் பெட்டியை ஓட்டக் கூடாது. அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு இருபத்துநான்காவது போய்ச் சேர்ந்தது. நான் சாய்ந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் உன் அப்பா எழுதினார்: 'படித்தேன். என் சட்டையை இத்தனை நாள் தவறாகத் தேய்த்திருக்கிறேன். நன்றி அம்மா.'

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று கனவு காணாதே. புங்கமரத்தடியில் இப்போது யாரோ இளநீர் விற்கிறான். அம்மா வெயிலில் நிற்கிற வரை உன் கணக்கு தீராது. உன் பிளாஸ்கை மூன்று தடவை தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அவர் வந்தால் கொடுத்துவிடுவேன். கப்பன் பார்க் பெஞ்சு மட்டும் என்னோடு இருக்கிறது. நீ போன பிறகு அது தெரிந்த வெளியாள் நான் ஒருத்திதான். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அன்று என் கதையை நீ இப்படி வைத்திருந்தால் போதுமாக இருந்தது.