அன்றைக்கு வந்த பஸ்

அக்கா,

இன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எதற்கென்று புரியாமல் என் முந்தானையை முகர்ந்து பார்த்தேன். பாலைத் திரித்துப் பன்னீர்க்கட்டி வடித்த தண்ணியின் புளித்த வாடை. நீயாக இருந்தால் வேண்டுமென்றே இன்னும் ஒட்டி உட்கார்ந்து, "தூத் கா குஷ்பூ ஹை பேட்டி, பால் வாசனைடி, திங்கிறப்போ மட்டும் இனிக்குதாக்கும்?" என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் வம்புக்கு இழுத்திருப்பாய். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று நம் ஊர் சிப்பிகாட்டில் என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். அழுகை வந்தால் அழ மாட்டேனா? விடிந்தால் மாடு கறக்கிறேன், பால் காய்ச்சுகிறேன், துணியை முறுக்குகிறேன். அதெல்லாம் யாரோ செய்வது போல நடக்கிறது.

உன் வீட்டுக்காரரிடம், நான் மாமா என்று கூப்பிடும் மனுஷனிடம், ஒரு பொய் சொல்லியிருந்தேன். நீ போன அன்று காலை பஸ் வரவில்லை என்று. வந்தது, அக்கா.

நீ கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள், நான் ராமநாதபுரத்து ஆள். நம் இரண்டு பேர் பேச்சுக்கும் நடுவில் ஒரு கப்பல் விட வேண்டும் என்று மாமா கேலி செய்வார். ஆனால் உன் கொட்டகையில் ஒரே அடுப்பில் ஒன்பது வருஷம் பன்னீர் போட்டோம். மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் எலுமிச்சம்பழத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் நேற்று வடித்த தண்ணியைப் புளிக்கவிட்டு இன்றைய பாலைத் திரிப்போம். நான் அவசரக் குடுக்கை, கொதியோடு கொதியாக ஊற்றிவிடுவேன். "என்னாடி இது, செருப்பு தைக்கப் போறியா?" என்று ரப்பர் போல வந்த கட்டியை என் மேலேயே எறிவாய். திரிந்த பாலை அப்படியே விட்டுவிட்டு எங்கேயாவது போனாலும் அதே கதிதான். "மனுசன் காத்திருப்பான், பால் காத்திருக்காது" என்பாய். அதை நான் அப்படியே நம்பினேன்.

அன்று பக்கத்து ஊர் கராச்சர்மாவில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஐந்து கிலோ கொடுக்க வேண்டும். பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறிவிட்டது. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். "வாயுப் பிடிப்புடி" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போக மாமா பக்கத்து வீட்டு ஜீப்பைக் கொண்டுவந்துவிட்டார். ஏறும்போது என் கையைப் பிடித்து, "நீயும் வாயேன்" என்றாய்.

"பால் பொங்கி வருது அக்கா. ஏழேகால் பஸ்ல பின்னாடியே வந்துர்றேன்."

நீ தலையாட்டினாய். வேறு யாராக இருந்தாலும் கோபித்திருப்பார்கள்.

ஏழேகால் பஸ் வந்தது. வாசலில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தார் டிரைவர். அப்போதுதான் பால் திரிந்து துணியில் விழுந்திருந்தது. ஈரக்கையோடு வெளியே வந்து, "ஆப் ஜாவோ பையா, பாத் மே ஆத்தா" என்று, பிறகு வருவதாகக் கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். துணிமேல் கல்லை ஏற்றி, கட்டியை வெட்டி, டப்பாவில் அடுக்கி, கல்யாண வீட்டு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். வார்டு வாசலில் மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். "ஏன்மா இவ்ளோ நேரம்?" என்றார். "பஸ் வரல மாமா" என்று வாயில் வந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமா ரோட்டில் பஸ்ஸை மறித்தார். "உஸ் தின் காடி கியோன் நஹி லாயா? அன்னிக்கு ஏன் வண்டி கொண்டுவரல? அவ கடைசியா இவளைத்தான் கேட்டா!" என்று ஊரே பார்க்கக் கத்தினார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் காலடி மண்ணைப் பார்த்தேன். "காடி கராப் ஹோ கயா தா, அங்கிள். மாஃப் கரோ" என்றார் அந்த மனுஷன். ஓடிய வண்டியை ஓடவில்லை என்று சொல்லி எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

அன்றிலிருந்து மாமா அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை. இன்று காலை நல்ல மழை. பால் கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நனைந்து நடந்தார். டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "ஆவோ அங்கிள்" என்று கூப்பிட்டார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் உள்ளே நனையாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் உன் கொட்டகைக்குப் போனேன். மாமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு பஸ் வந்துச்சு மாமா. நான்தான் ஏறல. அந்த டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அடிப்பார், துப்புவார் என்றுதான் நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பன்னீர் என்னாச்சு?" என்று கேட்டார்.

"கல்யாண வீட்டுக்குக் கொடுத்துட்டேன்."

"நல்லா இருந்துச்சாமா?"

கேட்டுவிட்டு அவர் குனிந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

நன்றாக இருந்ததாம், அக்கா. பஞ்சு போல இருந்தது, இப்படி ஒரு பன்னீர் தின்றதே இல்லை என்று மறுநாள் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்கள். உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டிய சேதி. அன்று உன்னைப் பாடையில் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.