இரட்டைப்படையில் முடிந்தவை

மார்ச் 4
கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. என் பெயர் இல்லாமல்!
கேட்டால், "ஒரே வீடுதானே, எதுக்கு ரெண்டு பேரு?" என்கிறார் இவர். ஒரே கல்லூரியில் இருவரும் கணக்கு சொல்லித் தருகிறோம். ஆராய்ச்சிக் கேள்வி இவருடையதுதான், மறுக்கவில்லை. கணினி முன் உட்கார்ந்து கண் போனது யாருக்கு?

மார்ச் 5
கோபம் ஆறவில்லை. 7393. கடைசி இலக்கத்தை எடுத்தால் 739. பிறகு 73. பிறகு 7. எல்லாமே பகா எண்கள். இப்படிப்பட்டவற்றைத் தேடியதுதான் எங்கள் வேலை. (எங்கள்!)
சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "கடைசி இலக்கம் போனாலும் பகா எண் பகா எண்தானே? உன் பேரும் அப்படித்தான்."
நானா கடைசி இலக்கம்? தட்டை வைத்த வேகத்தில் விளிம்பு உடைந்தது. உடையட்டும்.

மார்ச் 6
கல்லூரிக்குத் தனியாகப் பேருந்தில் போனேன்.

மார்ச் 9
அனுப்பிய பிரதியை இன்றுதான் படித்தேன். அட கடவுளே! பத்துப் பத்தாக எண்ணாமல் ஐந்து ஐந்தாக எண்ணினால் என்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அதில் பதினான்கு எண்கள். நான்குதான் மிச்சம்.
2-ஐத் தவிர, இரட்டைப்படையில் முடிகிறதையெல்லாம் பிழை என்று அடித்திருக்கிறார். ஐந்தைந்தாக எண்ணும்போது 32 என்றால் மூன்று ஐந்தும் ஒரு இரண்டும், அதாவது நம் பதினேழு. பகா எண். 2-ஐ எடுத்தால் 3, அதுவும் பகா எண். பழக்கதோஷத்தில் கை போயிருக்கிறது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?
சொல்லலாமா? எதற்கு? அந்தக் கட்டுரைக்கு நான் யார்?

மார்ச் 20
திரும்பி வந்துவிட்டது. பட்டியல் தவறாம். அன்றைக்கே பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.
"தெரிஞ்சும் சொல்லலியா நீ?" என்று என்மேல் பாய்கிறார். வாய்க்கு வந்தபடி கத்தினேன். யாரு அடிச்சது? என்னைக் கேட்டா அடிச்சீங்க?
மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "சின்ன வயசுலயும் பக்கத்துப் பையனைப் பாத்துதான் எழுதுவான். அதையும் தப்பா எழுதிட்டு வருவான்." சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2
பத்து எண்களையும் திரும்பச் சேர்த்தேன். முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும். பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார்.
"என் பேரு எங்க?"
பாவமாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டேன்.