இரண்டாம் முறை வந்த காய்ச்சல்

நவ. 4, செவ்வாய்

விடாத தூறல். காய்ச்சல் மூன்றாம் நாள். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. கடைக்கு லீவு. பில் கவுண்டரில் இன்று யாரோ.

வீட்டுக்காரர் காந்தி மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போகாமல் என்னை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம். ரத்தம் எடுத்தார்கள். மத்தியானமே தெரிந்துவிட்டது. டெங்கு.

டாக்டரம்மா கேட்டார்: "முன்னாடி எப்பவாவது வந்திருக்காம்மா?"

"இல்லைங்க. ப்ளஸ் டூ படிக்கறப்ப ஒண்ணு வந்துச்சு. சிக்குன்குனியான்னு அம்மா சொல்வாங்க."

"நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க. அது முக்கியம்."

அம்மா இப்போது இல்லை. மணப்பாறையில் இருக்கும் தங்கை கௌரிக்குப் போன் போட்டேன். அவள் சொன்னாள்: "அக்கா, அதுவும் டெங்குதான். நமக்கு ரெண்டு பேருக்கும் சேர்ந்தே வந்துச்சு. பரீட்சை நேரம், நீ பயந்துடுவேன்னு அம்மா மாத்திச் சொல்லிட்டா. நாளைக்கு வரேன்."

ஒரே பாய். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள். அந்தப் போர்வையின் நிறம் மட்டும் ஞாபகம் வருகிறது. ஊதா.

நவ. 5, புதன்

கௌரி வந்தாள். தைக்க வந்த ரவிக்கைகளைப் பையில் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். கஞ்சி. இளநீர். மாத்திரை பாராசிட்டமால் மட்டும், வேறு எதுவும் கூடாது.

டாக்டரிடம் போய்க் கேட்டு வந்து, அவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னாள். பழைய டெங்குவின் தடயமும் என் ரத்தத்தில் இருக்கிறதாம். மொத்தம் நாலு வகை. ஒரு முறை வந்த வகை அநேகமாகத் திரும்ப வராது. வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பு சக்தி ஓடிப் போய் அதைப் பிடிக்கும், ஆனால் ஒழிக்க முடியாது. பிடித்த கையோடு ரத்த அணுக்களுக்கு உள்ளேயும் விட்டுவிடும். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனாலும் இரண்டாம் தடவைதான் ஜாக்கிரதை.

அப்புறம் தூங்கிப் போனேன். கனவில் வடக்கு வாசலில் யாரோ நிற்கிறார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை. "நம்ம மனுஷங்கதான், வாங்க வாங்க" என்று நானே கூப்பிடுகிறேன். காவிரி படியேறிக் கட்டிலுக்கு அடியில் வருகிறது. சத்தமே இல்லை. கோபுரம் தண்ணீரில் மெல்ல நகர்ந்து போகிறது. பயம் இல்லை. சுகமாகக்கூட இருந்தது.

நவ. 9, ஞாயிறு. ஆஸ்பத்திரி.

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

வெள்ளிக்கிழமை காலை உடம்பு சில்லென்று ஆனது. அவருக்குச் சந்தோஷம். "விட்டுருச்சு!" என்று மல்லிகைப் பூ வாங்கி வந்து தலைமாட்டில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் நிம்மதி. கொஞ்சம் வயிற்றுவலி. ஒரு வாந்தி, இன்னொரு வாந்தி. தூங்கினால் சரியாகிவிடும் போல. தூக்கம் அவ்வளவு இனிப்பாக வந்தது.

கௌரி தூங்க விடவில்லை. கன்னத்தைத் தட்டினாள்.

"காய்ச்சல் விடுற நேரம்தான் பயம்னு டாக்டர் சொன்னாங்க. எழுந்திரு."

"சாயங்காலம் போலாம்டி..."

"பல்லுல பாரு, ரத்தம். எழுந்திரிக்கா!"

அவரை வாசலிலேயே நிறுத்தினாள். செருப்புகூடப் போடாமல் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். காவிரிப் பாலம் ஞாபகம் இருக்கிறது. வெயிலில் தண்ணீர் முழுக்க வெள்ளி. அதற்கப்புறம் ட்ரிப்ஸ், பிரஷர் இறங்கிவிட்டது என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது, அவ்வளவுதான்.

இன்று பிரஷர் சரி. தட்டணுக்கள் ஏறுகின்றன. கொஞ்சம் ரசம் சாதம். டாக்டரம்மா சொன்னார்: "சாயங்காலம் வந்திருந்தா கஷ்டம்மா." வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

நவ. 11, செவ்வாய்

வீடு. கால் பஞ்சு மாதிரி. தெரு முழுக்கக் கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சலாம்.

மத்தியானம் கௌரி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் ஒரு கொசு. அதன் கால் வரி வரியாக, டெங்கு கொசு. அவள் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. நான் அடித்தேன். தப்பிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஊதாப் போர்வைக்குள் அவளும்தான் இருந்தாள். இந்தக் காய்ச்சலுக்கு முன்னால் நான் எப்படி இருந்தேனோ, அப்படித்தான் இவள் இன்றைக்கு இருக்கிறாள். இனி வந்தால் இவளுக்கும் இரண்டாம் தடவை.

"கௌரி, நீ இன்னிக்கே ஊருக்குக் கிளம்பு."

"என்னக்கா இது, உன்னால எழுந்து நிக்கவே முடியல."

"அவர் பாத்துப்பார். கிளம்பு. இங்க இருக்காதே."

"தொரத்துறியா?"

காரணம் சொல்ல ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது. அவள் பாதி தைத்த ரவிக்கையைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள். போயிட்டு வரேன்கூடச் சொல்லவில்லை.

நவ. 23, ஞாயிறு

வெயில். இரண்டு நாளாகக் கௌரி போனை எடுக்கவில்லை. அதுவரைக்கும் "நல்லா இருக்கேன்" என்று ஒற்றை வரி மெசேஜாவது வந்துகொண்டிருந்தது. இந்த உடம்போடு போக வேண்டாம் என்றார் அவர். கேட்கவில்லை. மணப்பாறை பஸ்ஸில் ஜன்னல் சீட். மழை கழுவிய வயல்கள், பனைகள், எல்லாம் இப்போதுதான் செய்து வைத்த மாதிரி. பாதி தூரம் கும்பிட்டுக்கொண்டே, பாதி தூரம் தூங்கிக்கொண்டே.

கதவு திறந்திருந்தது. மெஷின் சத்தம். நேராகப் போய் நெற்றியில் கை வைத்தேன். கழுத்தில் வைத்தேன்.

கௌரி நிமிரவில்லை. "காய்ச்சல்லாம் இல்ல. கோவம்தான்."

கையை எடுக்காமல் நின்றேன். ஒரு ஓரம் முழுக்கத் தைத்து முடித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.