பதினாலாவது டிக்கெட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயித்துல இருக்கிற குட்டியும் நல்லா இருக்கணும். நான் இருக்கேன். சுகம்னு எழுதிப் பழகின கை, உங்கம்மா போன இந்த ரெண்டு மாசமா அந்த வார்த்தைகிட்ட வந்ததும் நின்னுடுது, அதனால இருக்கேன்னு மட்டும் எழுதுறேன்.

போன வாரம் ஃபோன்ல நீ அழுதுக்கிட்டே கேட்டே, அன்னைக்கு நீங்க வந்திருந்தா என்னைப் பார்த்துட்டுப் போய் அம்மாகிட்ட நாலு வார்த்தை சொல்லியிருப்பீங்களே, அப்படி என்ன பெரிய ஆபீஸ் வேலைன்னு. லைன் சரியில்லைன்னு சொல்லி வெச்சுட்டேன். லைன் நல்லாத்தான் இருந்தது, எனக்குத்தான் பேச்சு வரல. எங்க ஆபீஸைப் பத்தி உனக்குத் தெரியும். சின்னச் சின்னப் பட்டறைக்காரங்க செய்யற சாமான் வெளிநாட்டுல விலைபோக மாநில அரசு வெச்சிருக்கிற ஆபீஸ். கண்காட்சியில அரங்கு எடுத்து, டிக்கெட் போட்டு, விலை சொல்லக்கூட கூச்சப்படறவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். முப்பத்தொரு வருஷம் மத்தவங்க பயணத்துக்குக் காகிதம் தயார் பண்ணின எனக்கு, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல, நீ இருக்கிற ஊருக்கே போற குழுவுல உதவியாளர்னு பேர் விழுந்தது. பட்டறைக்காரங்க பன்னிரண்டு, மேலதிகாரி அம்மா ஒண்ணு, நான் ஒண்ணு, பதினாலு டிக்கெட். உங்கம்மா அன்னைக்கு நோயால மூச்சு வாங்கறதையும் மறந்து என் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டா.

அந்தப் பன்னிரண்டு பேர்ல மரப் பொத்தான் செய்யற ஒருத்தர் இருந்தார். கிளம்ப ஒன்றரை மாசம் இருக்கும்போது பட்டறையிலேயே மாரடைப்பு வந்து போயிட்டார். விதிப்படி அவர் இடம் காத்திருப்புப் பட்டியல்ல அடுத்து இருந்தவருக்குப் போயிடுச்சு. நாலாம் நாள் அவர் சம்சாரம் ஒரு டப்பா நிறைய மாதிரிப் பொத்தானோட ஆபீசுக்கு வந்து நின்னாங்க. வாங்கறவங்க அந்த ஊர்ல நேர்ல பார்க்கறதா எழுதியிருக்காங்க, நான் போகலைன்னா ஏழு பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டுப் பட்டறையை மூடணும்னு சொன்னாங்க. அழல, டப்பாவை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. இடமே இல்லையேன்னு மேலதிகாரி அம்மா சொல்லும்போது கண் என் பக்கம் வந்து போச்சு. வாயால ஒண்ணும் கேக்கல, அவங்க நல்லவங்க.

வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னேன். அவ வேண்டாம்னு சொல்லணும்னுதான் சொன்னேன், உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன. அவ, நீங்க போனா நம்ம பொண்ணைப் பார்த்துட்டு வந்து எனக்குக் கதை சொல்வீங்க, அந்தம்மா போனா ஏழு வீட்ல உலை கொதிக்கும், உங்க இடத்தை அவங்களுக்கு எழுதிக் கொடுத்துடுங்கன்னா. பிள்ளைகிட்ட ஆபீஸ் வேலை விடலைன்னு சொல்லிடுங்க, அம்மா தடுத்தான்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போகும்னா. சொல்லிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. தோள் மட்டும் குலுங்கிட்டே இருந்தது. அடுத்த வருஷம் எப்படியும் போய்க்கலாம்னு நான்தான் சமாதானம் சொன்னேன். அந்த அடுத்த வருஷம் அவளுக்கு வரல.

அந்தம்மா போனாங்க, ஆர்டரோட வந்தாங்க. ஏழு பேர் இப்போ பதினொரு பேர். உங்கம்மா போன அன்னைக்கு வாசல்ல வந்து நின்னுட்டு, இவங்க முகத்தைக்கூட ஒருநாளும் பார்த்ததில்லையேன்னு சொன்னாங்க. யாரோட டிக்கெட்ல போனோம்னு அவங்களுக்கு இன்னைக்கும் தெரியாது. நான் செஞ்சது சரின்னு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கும்போது தோணுது. வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலைப் பார்த்தா தோணல. ரெண்டும் நிஜம்தான் கண்ணு.

இரும்புச்சத்து மாத்திரையை விட்டுடாதே, வழுக்கற ரோட்ல தனியா போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதா சொல்லு. நீயும் குழந்தையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு, கோவப்படணும்னா என்மேல படு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு, கேட்டுக்கறேன். அவமேல வேண்டாம்மா, திருப்பிப் பதில் சொல்ல அவ இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா